மூலிகைத் தோட்டத்துக்கு யார் தண்ணி ஊத்துறது?

உளுந்தூர்பேட்டைப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் படித்தேன். கட்டடத்துக்குப் பின்னால் மூலிகைத் தோட்டம் போட்டார்கள். துளசி, தூதுவளை, நொச்சி, ஆடாதொடை. ஊர்ப் பிள்ளைகள் செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார்கள். காலனிப் பிள்ளைகள் நாங்கள் குழி வெட்டினோம், குடத்தில் தண்ணி சுமந்தோம். பாடம் அவர்களுக்கு, பாடு எங்களுக்கு.

வீட்டில் சொன்னேன். ஆயா சிரித்தது. "ஆடாதொடய எனக்கே காட்டித் தர்றியா?" ஊர்த்தெருவிலும் பிரசவம் பார்த்த கை அது. கூப்பிட்டால் கொல்லை வழியாகத்தான் போகணும். அந்த ஆயாவைப் பள்ளிக்கூடம் ஒருநாளும் கூப்பிடவில்லை.

2000இல் மைய அரசு தேசிய மூலிகைத் தாவர வாரியத்தை அமைத்தது. பள்ளித் தோட்டங்களுக்கு அது நிதியும் தந்திருக்கிறது. நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். ஒவ்வொரு பைசாவுக்கும் பற்று வரவு உண்டு. குடம் சுமந்த பிள்ளைக்கு எந்தப் பேரேட்டில் பக்கம் இருக்கிறது?

2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை கைதானார். கழிப்பறை நாறும், செய்தியாகும். தோட்டம் மணக்கும், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

அப்போ தோட்டமே வேண்டாமா? வேண்டும் தோழர்களே. சித்த மருத்துவம் நமக்கு அந்நியமில்லை. 1907இல் 'ஒரு பைசா தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். நான் பார்த்த பள்ளித் தோட்டம் எதிலும் அந்தப் பெயரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

நாம் கேட்கவேண்டியது மூன்று. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளையும் குடம் தூக்கணும், எல்லாப் பிள்ளையும் பலகை எழுதணும். காலனிக் கிழவியையும் கல்வராயன் மலையாளிப் பெரியவரையும் மதிப்பூதியம் கொடுத்து, முன்வாசல் வழியாக வகுப்புக்கு அழைக்கணும். மூன்றாவது, அவர்கள் சொல்வதையும் பிள்ளைகள் கேள்வி கேட்கணும். கீழாநெல்லி ஹெபடைடிஸ்-பி கிருமியை விரட்டுகிறது என்று 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கல்வி. ஆயா சொன்னதாலேயே நம்பு என்பதும், ஐயர் சொன்னதாலேயே நம்பு என்பதும் ஒன்றுதான்.

அடுத்தமுறை ஒரு பள்ளிக்குள் போனால் செடியைப் பார்க்காதீர்கள். குடம் யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.