உலைத் தூசியைக் கட்டியாக்க எதைக் கலப்பது?

பதிவு கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்கள்.

இரும்பாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது ஒரே பேச்சாகப் பேசுகிறார்கள். "உலைத் தூசியை எல்லாம் சிமெண்ட் போட்டு பிரிக்கெட் ஆக்கி உலைக்கே திருப்பிப் போடப் போகிறோம் சார், இனி கழிவே இருக்காது" என்கிறார்கள். திருப்பிப் போடுவது நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எதைக் கலந்து கட்டியாக்குகிறோம் என்பதை யார்டில் இருந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது, உலைக்குள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வேதியியலை மறந்துபோன உறவுகளுக்காகச் சுருக்கமாக: ஊதுலையிலிருந்து மேலே போகும் வாயு தன்னோடு தூசியை அள்ளிக்கொண்டு வரும். அதில் இரும்பு ஆக்சைடும் உண்டு, எரியாத கோக் கரியும் உண்டு. உருட்டாலையில் சூடான இரும்பின் மேலிருந்து உதிரும் செதிலில் சுமார் 70 சதவீதம் இரும்பு. நல்ல தாதுவுக்குச் சமானம்! இதை வெளியே மலையாகக் குவித்தால் காற்றடிக்கும்போது பக்கத்து ஊர்க்காரர்களின் கொடித்துணியில் படியும். அப்படியே தூளாக உலையில் கொட்டவும் முடியாது. காற்று போகும் வழி அடைபடும், பாதித் தூள் வாயுவோடு மறுபடி வெளியே வந்துவிடும். அதனால்தான் கட்டியாக்க வேண்டியிருக்கிறது. வேர்க்கடலையும் பாகும் மாதிரிதான். கடலை எவ்வளவு நல்லதானாலும் பாகு பதம் தப்பினால் உருண்டை நிற்காது.

சிமெண்ட் எல்லோருக்கும் பிடித்த பாகு. ஹாலோ பிளாக் அடிக்கிற மாதிரி அதிரவைத்து அச்சில் போட்டு, சில நாள் பதப்படுத்தினால் போதும், சுடத் தேவையில்லை. சுவீடனில் லூலியோ ஆலையில் 1990களிலிருந்து இப்படித்தான் செய்து ஊதுலையில் போடுகிறார்கள். அவர்கள் உலை பெல்லட்டில் ஓடுவது, தூசியை வாங்கிக்கொள்ள சின்டர் ஆலை கிடையாது. ஆகவே முறை கைகண்டதுதான்.

ஆனால் கணக்கு போடுங்கள். 100 கிலோ கட்டியில் 10 கிலோ சிமெண்ட் என்றால், அதில் ஏறக்குறைய 2 கிலோ சிலிக்கா. காங்கும் இளக்கியும் சேர்ந்தால் கசடு என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! கூடுதல் கசடை உருக்கக் கூடுதல் கோக் வேண்டும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு இளக்கியாக உதவும் என்பது உண்மை, அந்தப் புண்ணியத்தை மறைக்கவில்லை. ஆனால் ஒரு டன் கிளிங்கர் செய்யவே 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்று, சிமெண்டுக்கு உறுதி தருவது அது பிடித்துவைத்திருக்கும் நீர். 500 டிகிரி வாக்கில் அந்த நீரில் பெரும்பகுதி போய்விடும். யார்டில் கல் மாதிரி நின்ற கட்டி, உலையின் நடுவழியில் உதிர்ந்து மறுபடி தூசியானால் என்ன பயன்? கட்டிக்குள் கரியும் ஆக்சைடும் ஒட்டி இருப்பதால், 900, 1000 டிகிரியில் உள்ளிருந்தே ஒடுக்கம் வேகமாக நடக்கும். புதிதாக உருவாகும் இரும்பே கட்டியைத் தாங்கிப் பிடிக்கும். அதுவரைக்கும் கட்டி தாக்குப்பிடிக்க வேண்டும்.

மாற்றாகச் சர்க்கரை ஆலை மொலாசஸும் நீற்றிய சுண்ணாம்பும் இருக்கின்றன. நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டி கலந்த கைமணம்தான் இது. சிலிக்கா சேராது. ஆனால் மழை பட்டால் கரையும், மொலாசஸில் பொட்டாசியம் அதிகம், உலைச் செங்கலுக்கு அது ஆகாது. சாராய ஆலைக்காரரும் அதே மொலாசஸுக்குப் போட்டி போடுவார். பென்டோனைட் களிமண்ணில் மறுபடியும் சிலிக்காதான்.

எந்தப் பைண்டரும் தீர்க்காத ஒன்று துத்தநாகம். 907 டிகிரியில் அது ஆவியாகும். மேலே ஏறிக் குளிர்ந்து சுவரில் படியும், தூசியோடு வெளியே வரும், நாம் திருப்பிப் போட்டால் மறுபடி உள்ளே போகும். ஒவ்வொரு சுற்றிலும் உலைக்குள் அதன் அளவு கூடும். ஈரச் சேற்றில் துத்தநாகம் பெரும்பாலும் மிக நுண்ணிய துகள்களோடு இருப்பதால், ஹைட்ரோசைக்ளோனில் பிரித்து அந்தப் பங்கை ஒதுக்கலாம். ஒதுக்கியது கழிவுதான். அதைக் கழிவு என்றே எழுதிவைத்து, தனியாகத் துத்தநாகம் மீட்க அனுப்புவதே நேர்மை. "நூறு சதவீத மறுசுழற்சி" என்று பலகை மாட்டுவதைவிட எனக்கு அது மேல்.

ஆய்வகத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அறை வெப்பத்தில் கட்டியை நசுக்கி வந்த எண்ணோடு அறிக்கையை முடிக்காதீர்கள். ஒடுக்கும் வாயுவில் சூடாக்கிய பிறகு எவ்வளவு தாங்கியது, எவ்வளவு உதிர்ந்தது என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மேலதிகாரி கேட்காவிட்டாலும் எழுதுங்கள். உங்கள் ஆலையில் எந்தப் பைண்டர், எத்தனை சதவீதம் என்பதைக் கம்பெனி ரகசியம் இல்லையென்றால் கமெண்டில் போடுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.