நஞ்சுண்ட பயிர்

நிறைந்த கதிர் தலை சாயும், பதர் நிமிர்ந்து நிற்கும் என்று கூறி மாணாக்கருக்கு அடக்கத்தைப் போதித்து வருகின்றோம். அந்நிமிர்வுக்கு நஞ்சும் ஒரு காரணமாகலாம் என்பதைப் பயிர்நூலார் எழுதியவற்றைப் படித்த பின்னரே அறிந்தோம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், முன்னர்ப் பருத்தி விளைந்த நிலங்களில் நெல்லை விதைத்தபோது, கதிர்கள் மணி பிடியாது நேரே நின்றன. பருத்திக்கு இட்ட ஆசனிக்கு மருந்துகள் மண்ணில் தங்கியிருந்தமை அதற்கொரு காரணம். வெள்ளைப் பாடாணம், அரிதாரம், மனோசிலை என நம் மருத்துவ நூல்கள் கூறுவன இத்தனிமத்தின் சேர்வைகளே. ஆதலின் தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று எவரும் வினவார் என நம்புகின்றோம்.

வேர் இந்நஞ்சை ஏமாந்தே உண்கின்றது. ஆசனேற்று பொசுபேற்றை ஒத்திருத்தலால் அது நுழையும் வாயிலாலேயே தானும் புகுகின்றது. நீர் தேங்கிய வயலிலோ ஒட்சிசன் குறைய, ஆசனைற்றாக மாறி மண்ணினின்றும் கரைந்து, நெல் சிலிக்கனை உறிஞ்சும் வழியே ஏறுகின்றது. நெல் சிலிக்கனைப் பெரிதும் வேண்டும் பயிராதலின் அவ்வழி மிக அகன்றது.

தாங்கும் வகையும் ஒன்றன்று. இங்கிலாந்தின் தென்மேற்கிலே பழைய சுரங்கக் கழிவுகளில் வளரும் ஒருவகைப் புல் பொசுபேற்று வாயிலையே ஒடுக்கிக்கொள்கின்றது. 2001 இல் அறிவிக்கப்பட்ட புளோரிடாப் பன்னமோ வாயிலைத் திறந்து வைத்து, புகுந்ததை இலைக்கு ஏற்றிக் கலங்களின் புன்வெற்றிடங்களில் அடைத்துவிடுகின்றது. அதன் இலையின் உலர்நிறையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேலும் ஆசனிக்கு இருந்ததுண்டு. வெட்டுக்கிளியும் அவ்விலையை விரும்பாது. ஆலகாலத்தைக் கண்டத்தில் நிறுத்திய பெருமான் நம் நினைவுக்கு வருவது இயல்பே.

ஆயினும் தாங்குதல் யாவும் போற்றத்தக்கதென நாம் கொள்ளோம். பன்னம் நமக்கு உணவன்று, நெல் உணவு. வங்கதேசத்தில் குளத்துநீரால் வரும் நோய்க்கு அஞ்சி 1970களிலிருந்து பெருந்தொகையாக இறக்கப்பட்ட குழாய்க்கிணறுகள் பலவற்றில் ஆசனிக்கு ஊறிற்று. உலக சுகாதார நிறுவனம் இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என வரையறுக்க, அந்நாடு 50 வரை அனுமதிக்கின்றது. நிலத்தடி நீரே கோடைப்போக நெல்லுக்கும் பாய்கின்றது. பதராய் நின்ற கதிர் உழவனுக்கு எச்சரிக்கையாவது செய்தது. தாங்கப் பழகிய பயிரோ நன்கு விளைந்து தலைசாய்ந்து, மணிக்குள் நஞ்சை ஒளித்துத் தரவுங்கூடும். விளைச்சலை மட்டும் அளந்து விதையினத்தைத் தெரிவோர் பாதி வேலையே செய்கின்றனர். மணியைச் சோதித்தல் மற்றைப் பாதி.

அதற்கு வழியில்லாமலில்லை. நெல்லின் கதிருக்குக் கீழுள்ள கணுவில், நஞ்சைப் புன்வெற்றிடத்துள் தள்ளி மணிக்குச் செல்லாது தடுக்கும் ஒரு புரதம் உண்டென 2014 இல் ஆய்வாளர் காட்டினர். நெல்லுக்கும் ஒரு கண்டம் இருக்கின்றது! அதனை வலுப்படுத்தும் இனங்களையே நாம் வேண்டுகின்றோம். வயலை இடையிடையே காயவிடுதலும் ஆசனிக்கைக் குறைக்கும். ஆயின் சில மண்களிற் கட்மியம் என்னும் வேறொரு நஞ்சு அப்போது ஏறிவிடுகின்றது. நம் அன்னையர் செய்தவாறு உலையில் நிறைய நீர் வைத்துக் கஞ்சியை வடித்தால், அரிசியிலுள்ளதில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும். உலைநீரே நஞ்சாயிருக்கும் வங்கத்து ஊர்களில் அதுவும் பயன்படாது.