முகத்தைத் திருப்ப என்ன அவசரம்?

புதுக் கார் வாங்குகிறார்கள். வாங்கியதும் எங்கே போகிறது அது? கோயில் வாசலுக்கு! சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம், முகப்பிலே மாலை, கண்ணாடியிலே சந்தனமும் குங்குமமும், கண்ணேறு படாதிருக்க எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு ஒன்று. பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்படுகிறது. காவல் செய்தாயிற்று என்று களிப்பு! உள்ளே எட்டிப் பார்த்தாலோ, முன்னிருக்கையிலே, அன்னையின் மடிமீது நின்று, எதிர்க்கண்ணாடியிலே இரு கைகளையும் ஊன்றி வேடிக்கை பார்க்கிறது பத்து மாதக் குழந்தை. எலுமிச்சம்பழத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழந்தையைக் கட்டவில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்திலே இந்தக் காட்சியைக் காணாதார் யார்? முகூர்த்த நாள் என்று சொல்லப்படுகிற நாட்களிலே செங்கற்பட்டுச் சாலையோரம் நின்று பார்த்தால் போதும். இத்தனைக்கும் இது காரை அறியாத மாவட்டமல்ல. இருங்காட்டுக்கோட்டையிலே 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஒரகடத்திலே 2010-இல் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. விடியுமுன் கம்பெனிப் பேருந்து ஏறி ஆலைகளுக்குப் போகிறவர்கள் நம் கிராமத்துப் பிள்ளைகள். காருக்கு இருக்கை பொருத்தத் தெரிந்த கைகள் நம்முடையவை. அந்த இருக்கையிலே பத்திரமாக அமரும் உரிமை மட்டும் நம் குழந்தைக்குக் கிட்டவில்லை!

ஒருசிலர் இப்போது குழந்தைகளுக்கென்றே செய்த இருக்கையை வாங்கிப் பொருத்துகிறார்கள். பாராட்டுகிறோம். குழந்தையின் முகம் பின்கண்ணாடியை நோக்கியும், முதுகு எஞ்சினை நோக்கியும் இருக்குமாறு பின்னிருக்கையிலே வைக்கப்படுவது அது. அங்கேதான் அடுத்த வினா பிறக்கிறது: எப்போது முன்பக்கம் திருப்பலாம்? "மொட்டை போட்டாயிற்று, காது குத்தியாயிற்று, ஒரு வயது முடிந்தது, இனித் திருப்ப வேண்டியதுதானே?" என்கிறார் தாத்தா. "கால் மடங்கிக் கிடக்கிறதே, பாவம்!" என்கிறார் பாட்டி. "அழுகிறானே" என்கிறார் அத்தை. அன்பின் குரல்தான் அத்தனையும், மறுக்கவில்லை. ஆனால் மோதல் என்று வரும்போது அன்பு கணக்குக்கு அடங்கியே தீரவேண்டும்.

கணக்கையே பார்ப்போமே. குழந்தையின் எடை 10 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலே போகும் கார் புளியமரத்தில் மோதி, ஒரு நொடியின் பத்திலொரு பங்கிலே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்திலே குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவையான வலு, சராசரியாகவே சுமார் 140 கிலோ பாரத்தைத் தாங்குகிற வலு. ஏறத்தாழ இரண்டு நெல் மூட்டை! "என் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?" என்று கேட்கும் தாயை நாம் குறை சொல்லவில்லை. எந்தத் தாயின் கையும், எந்தப் பயில்வானின் கையும் அதைத் தாங்காது என்கிறோம்.

இருக்கையிலே கட்டிவிட்டால் மட்டும் போதுமா, முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். பிறந்த குழந்தையின் உடல் நீளத்திலே நாலிலொரு பங்கு தலை. வளர்ந்தவருக்கோ ஏறத்தாழ எட்டிலொரு பங்குதான். அவ்வளவு கனத்த தலையைத் தாங்குகிற கழுத்தெலும்பு இன்னும் முழு எலும்பாகவில்லை, பாதி குருத்தெலும்பு. முன்னோக்கி அமர்ந்த குழந்தை, எதிரே மோதல் நேர்ந்தால், தோளிலே பட்டை பிடித்து நிற்க, தலை மட்டும் பாய்கிறது, பாரமெல்லாம் கழுத்திலே. பின்னோக்கி அமர்ந்திருந்தால், தலையும் முதுகும் ஒருசேர இருக்கையின் ஓட்டிலே அழுந்துகின்றன. அடி முதுகு முழுவதும் பரவிக் கரைகிறது. 1960களிலே சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் மல்லாந்து சாய்ந்து, முதுகாலே விசையைத் தாங்குவதைக் கண்டு குழந்தைகளுக்கும் அந்த முறையைக் கொண்டுவந்தார். இன்றும் சுவீடனிலே நான்கு வயதுவரைகூடக் குழந்தைகள் பின்னோக்கியே பயணம் செய்கிறார்கள். கால் மடங்குகிறதே என்கிறார்களா? நம் பிள்ளைகள் திண்ணையிலே சம்மணமிட்டு அமர்வதில்லையா? மடங்கிய கால் குற்றமல்ல.

ஒரு வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஒரு காலத்திலே ஒரு வயதைத்தான் குறைந்த எல்லையாகச் சொல்லிற்று. 2011-இல் இரண்டு வயது என்று மாற்றிற்று. 2018-இல் வயதையே எடுத்துவிட்டு, இருக்கைக்கு விதித்த எடையும் உயரமும் எட்டும்வரை இயன்றமட்டும் பின்னோக்கியே வையுங்கள் என்றது. ஐரோப்பாவிலே 2013-இல் வந்த விதி, 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது.

வயது ஒன்றே தகுதியாகாது என்பது உத்திரமேரூருக்குத் தெரியாத செய்தியா! முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலைக்குப் பெயர் எழுத வயதோடு நிலமும் வீடும் கல்வியும் பார்த்தது. (அந்தக் கல்வி வேதக் கல்வி, உழுதவனுக்கு அந்தச் சபையிலே இடமில்லை என்பதையும் மறவாமல் சொல்லிவைக்கிறோம்.) 919-இல் முப்பது முதல் அறுபது என்று வைத்த வயதை, இரண்டே ஆண்டிலே, 921-இல், முப்பத்தைந்து முதல் எழுபது என்று திருத்தியும் எழுதினார்கள். கல்லிலே வெட்டியதையே மாற்றினார்கள் என்றால், பாட்டி சொன்ன ஒரு வயதை நாம் மாற்றக் கூடாதா?

ஆகவே பஞ்சாங்கம் வேண்டாம், தராசைக் கொண்டுவாருங்கள். இருக்கையிலேயே ஒட்டியிருக்கும், பின்னோக்கி வைக்க எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் வரை என்று. அந்த எடையோ உயரமோ எட்டினால், அல்லது உச்சந்தலைக்கும் இருக்கை ஓட்டின் மேல்விளிம்புக்கும் இடையே 2.5 சென்டிமீட்டர்கூட இல்லையென்றால், அந்த இருக்கை சிறுத்துவிட்டது. இன்னும் பெரிய அளவுவரை பின்னோக்கித் தாங்கும் இருக்கை கிடைத்தால் அதை வாங்குவது நலம். இல்லையேல் அன்றுதான் திருப்பும் நாள். எடை பார்க்க அலைய வேண்டியதில்லை. அங்கன்வாடியிலே மாதந்தோறும் எடை போட்டு எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: காற்றுப்பை உள்ள முன்னிருக்கையிலே பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். காற்றுப்பை வெடித்து விரிந்து ஓட்டை அறைந்தால், காப்பாற்ற வந்ததே கொன்றுவிடும்.

டில்லியிலே சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இருக்கையை ஆலைத் தொழிலாளி எப்படி வாங்குவான் என்பதும் அதில் இல்லை. தண்டத்தை எழுதத் தெரிந்த கைக்குத் துணைசெய்ய எழுதத் தெரியவில்லை!

காரே இல்லாத வீடுகளின் கதை இதனினும் கொடிது. இங்கே பெரும்பாலான குழந்தைகள் போவது மோட்டார் சைக்கிளிலே, பெட்ரோல் டாங்கின்மேல். விசேஷத்துக்கென்றால் குட்டியானையின் பின்தட்டிலே. 2022 பிப்ரவரியிலே வெளியிட்டு ஓராண்டு கழித்து நடப்புக்கு வந்த விதி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும், 40 கிலோமீட்டர் வேக வரம்பும் வேண்டும் என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சிறு தலைக்கவசத்தைக் கடைத்தெருவிலே தேடிப் பாருங்கள், எத்தனை கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறதென்று! ஒன்பது மாதத்துக்குக் கீழ்ப்பட்ட கைக்குழந்தையின் தலைக்கவசத்தைப் பற்றியோ அந்த விதி வாய் திறக்கவில்லை. அந்தக் குழந்தையை மோட்டார் சைக்கிளிலே ஏற்றாதீர்கள். பேருந்து வரும்வரை காத்திருங்கள்.

அரசினரை நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. பிரசவமான தாயையும் சேயையும் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டிலே கொண்டுபோய்விட 102 ஊர்தி இருக்கிறது. ஊரிலே பிறக்கும் ஏழைக் குழந்தையின் முதல் பயணம் அதிலேதான். ஊர்திக்கு ஒன்றாகப் பின்னோக்கிய இருக்கை பொருத்தி, அதிலே குழந்தையைப் படுக்கவைத்துப் பட்டை பூட்டும் முறையைச் செவிலியர் தாய்க்குக் காட்டட்டும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் சில இருக்கைகளை வாங்கிவைத்து, வாடகைக் காரிலே போகும் குடும்பங்களுக்கு இரவல் கொடுத்து, திரும்பப் பெறட்டும். கழகக் கிளைத் தோழர்கள் அடுத்த கிராமசபைக் கூட்டத்திலேயே இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதிக் கொடுத்து, படித்துப் பதிவேட்டிலே ஏற்றும்வரை அங்கிருந்து எழ வேண்டாம்.