சாவியைக் கொடுத்து விட்டார்; கதவு திறக்கிறதே!

வாடகைக்குக் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்கிறார். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். "போய் வருகிறேன்" என்று கும்பிட்டு விட்டுப் போகிறார்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். வீட்டுக்காரர் அதே சாவியை அவர்களிடம் கொடுக்கிறார்.

பழைய குடித்தனக்காரர் போவதற்கு முன்னால் இன்னொரு சாவி செய்து வைத்துக் கொண்டிருந்தால்?

அந்த வீட்டு அம்மாளுக்கு இரவில் தூக்கம் வருமா? வராது. முதல் வேலையாகப் புதுப் பூட்டு வாங்கி மாட்டச் சொல்வாள். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

வீட்டுக்கு இருந்த இந்தக் கவலை இப்போது காருக்கும் வந்திருக்கிறது. சொந்தக் காருக்கு அல்ல, வாடகைக் காருக்கு. அதிலும் இரும்புச் சாவி இல்லாமல் அட்டையால் திறக்கிற மின்சாரக் காருக்கு.

டிரைவர் இல்லாத வாடகைக் கார்

நம் ஊரில் வாடகைக் கார் என்றால் டிரைவரும் கூடவே வருவார். அமெரிக்காவில் அப்படி இல்லை. விமானத்தை விட்டு இறங்க வேண்டியது. வாடகைக் கம்பெனியின் மேஜைக்குப் போக வேண்டியது. லைசென்சைக் காட்டிப் பணத்தைக் கட்ட வேண்டியது. காரை நீங்களே ஓட்டிக் கொண்டு போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து விடலாம்.

இப்படிக் கார் கொடுக்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்று ஹெர்ட்ஸ். 2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்தக் கம்பெனி ஒரு செய்தி வெளியிட்டது. "டெஸ்லா மின்சாரக் கார்கள் 1 லட்சம் வாங்கப் போகிறோம்" என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு காற்று திசை மாறியது. விபத்து, பழுது ஆகியவற்றின் செலவு அதிகமாக இருந்தது. கார்களின் மறுவிற்பனை விலையும் சரிந்தது. 2024 ஜனவரியில், தன்னிடம் இருந்த மின்சாரக் கார்களில் சுமார் 20 ஆயிரத்தை விற்று விடப் போவதாக அதே கம்பெனி சொன்னது. ஆனாலும் மின்சாரக் கார்கள் வாடகைக்குக் கிடைப்பது நின்று போகவில்லை. புதுப் புதுக் குடும்பங்கள் தினமும் அவற்றில் ஏறி உட்காருகின்றன.

அவர்கள் கையில் கொடுக்கப்படுவது ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டை. பாங்கிக் கார்டு அளவுதான் இருக்கும். அதுதான் சாவி!

அட்டை எப்படித் திறக்கிறது?

டெஸ்லாவின் 'மாடல் 3' என்ற கார் 2017-ம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு இந்த அட்டைதான் சாவி. செல்போனையும் சாவியாக வைத்துக் கொள்ளலாம்.

காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறது அல்லவா? ஓட்டுபவர் பக்கத்துத் தூணில் அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும். கதவின் பூட்டு திறந்து விடும். உள்ளே உட்கார்ந்து, இரண்டு நிமிஷத்துக்குள் பிரேக்கை மிதித்துக் காரைக் கிளப்ப வேண்டும். நேரம் தாண்டி விட்டதா? இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் உள்ள இடத்தில் அட்டையை வைத்து, மறுபடியும் காருக்கு அடையாளம் காட்ட வேண்டும்.

அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சிறிய சிப்பும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. தூணுக்குள் ஒரு கருவி ரேடியோ அலையை வீசுகிறது. தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த அலையிலிருந்தே அட்டை எடுத்துக் கொள்கிறது.

பிறகு காரும் அட்டையும் பேசிக் கொள்கின்றன. கார் ஒரு கேள்வி கேட்கிறது. அட்டை விடை சொல்கிறது. விடை சரியாக இருந்தால், "நீ நம்ம ஆள்தான்" என்று கார் கதவைத் திறக்கிறது. இதெல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்து விடுகிறது.

இங்கே ஒரு ஜாக்கிரதை. செல்போனைச் சாவியாக வைத்திருப்பவர் இறங்கி நடந்தால், கார் தானே பூட்டிக் கொள்ளும்படி செய்யலாம். அட்டைக்கு அந்த வசதி இல்லை. இறங்கியதும் அட்டையைத் தூணில் தொட்டுக் காட்டிப் பூட்ட வேண்டும். மறந்து போனால், பெட்டி படுக்கையோடு கார் திறந்தே கிடக்கும்!

ஒன்று அல்ல, பத்தொன்பது!

இரும்புச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். அட்டை தொலைந்தால் அந்தத் தொல்லை இல்லை. காருக்குள் ஒரு பெரிய திரை இருக்கிறது. இந்தக் காரைத் திறக்கக் கூடிய சாவிகள் எவை எவை என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும். தொலைந்த அட்டையின் பெயரை அதிலிருந்து அழித்து விட்டால் போதும். அதற்குப் பிறகு அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

அழிப்பது போலவே சேர்க்கவும் முடியும். இந்தக் காருக்கு ஏற்ற புது அட்டைகள் தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. திரையில் 'புதுச் சாவி சேர்க்க' என்ற இடத்தைத் தொட வேண்டும். புது அட்டையைக் காட்ட வேண்டும். பிறகு, ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் அட்டையைக் காட்டிச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். வேலை முடிந்தது. இப்படி ஒரு காருக்கு 19 சாவிகள் வரை வைத்துக் கொள்ளலாம்.

இது நல்ல வசதிதான். வாடகைக் கம்பெனி கொடுத்தது ஒரே அட்டை என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு கடைக்குள் போய் விடுகிறார். மனைவியும் குழந்தைகளும் வெயிலில் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இரண்டாவது அட்டை ஒன்று மனைவியின் கைப்பையில் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

அட்டை தொலைந்தால் ஊர் தெரியாத இடத்தில் நடுத்தெருவில் நிற்க வேண்டாம். ஆகையால், புது அட்டை சேர்ப்பதை ஒரு குற்றமாக நினைப்பது சரியல்ல.

ஆபத்து எங்கே?

ஆபத்து, காரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வருகிறது.

வாடகைக்கு எடுத்தவர் கம்பெனியின் அட்டையைக் கம்பெனியிடம் கொடுத்து விடுகிறார். மேஜையில் இருப்பவர் அதை வாங்கி வைத்துக் கொள்கிறார். கணக்குச் சரி என்று இருவருமே நினைக்கிறார்கள். ஆனால், அவர் சேர்த்த சொந்த அட்டை அவர் பையிலேயே இருக்கிறது. பட்டியலிலிருந்து அதை யாரும் அழிக்கவில்லை என்றால், அது இன்னமும் அந்தக் காரைத் திறக்கும்; ஓட்டிக் கொண்டு போகவும் உதவும்.

மறுநாள் அந்தக் காரில் வேறொரு குடும்பம் ஏறுகிறது. அவர்களுடைய பாஸ்போர்ட்டு, பணம், பெட்டி எல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. பின் ஆசனத்தில் குழந்தை தூங்குகிறது. தங்கள் கையில் இருப்பதுதான் ஒரே சாவி என்று அவர்கள் நம்புகிறார்கள்.

சாவி சேர்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உண்மையான உதாரணம் ஒன்று உண்டு. ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் ஹெர்ஃபுர்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2022-ம் ஆண்டு ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துக் காட்டினார். அட்டையால் டெஸ்லா காரைத் திறந்தவுடன், 130 விநாடி நேரம் அது ஏமாளியாக இருந்தது. பக்கத்தில் நிற்கும் ஒருவர், அந்த நேரத்துக்குள் தன்னுடைய சாவியைக் கம்பி இல்லாமலே பட்டியலில் சேர்க்க முடிந்தது. திரையில் ஓர் அறிவிப்பும் வரவில்லை! சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே இது முடிந்தது. அப்படியிருக்க, பல நாள் காரைத் தன் வசம் வைத்திருந்த ஒருவருக்குச் சாவி சேர்ப்பது கஷ்டமா?

ஹோட்டல்கள் கற்ற பாடம்

இது யாருக்கும் தெரியாத புதுப் பாடம் அல்ல. ஹோட்டல்கள் இதை ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக் கொண்டன.

1974-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஒரு விடுதி அறையில் தங்கியிருந்த புகழ்பெற்ற பாடகி ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். இந்தச் செய்தி நார்வே நாட்டில் ஒரு மனிதரின் மனத்தை உறுத்தியது. அவர் பெயர் டோர் சோர்னஸ். பூட்டுத் தொழிலில் இருந்தவர்.

ஒருவர் அறையைக் காலி செய்து விட்டுப் போன பிறகு, அவரிடம் இருக்கும் சாவி பயன்படாமல் போக வேண்டும் என்று அவர் யோசித்தார். துளை போட்ட பிளாஸ்டிக் அட்டையால் திறக்கும் பூட்டு ஒன்றைச் செய்தார். அட்டையில் துளை போடுவதற்கு 32 இடங்கள். எங்கெங்கே துளை போடுகிறோம் என்பதை மாற்றி மாற்றி, 400 கோடிக்கு மேற்பட்ட விதமான சாவிகளைச் செய்யலாம். ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் பூட்டின் கணக்கை மாற்றி விடலாம். நேற்று வந்தவரின் சாவி இன்று செல்லாது.

இன்று பெரிய ஹோட்டல்களில் அட்டைச் சாவி சாதாரணம் ஆகி விட்டது. அறையைக் காலி செய்தவர் அட்டையைத் தெரியாமல் ஊருக்கே எடுத்துப் போனாலும் ஹோட்டல்காரர் பதறுவதில்லை. ஒரு ராத்திரி தங்கும் அறைக்கு இவ்வளவு காவல் இருக்கும்போது, குழந்தை குட்டிகளோடு நெடுஞ்சாலையில் போகும் காருக்கு வேண்டாமா?

யார் பொறுப்பு?

"எடுத்தவர்தான் தன் அட்டையை அழித்து விட்டுப் போக வேண்டும்" என்று சிலர் சொல்லலாம். அழிக்க வேண்டியதுதான். ஆனால், அவர் மறந்து போகலாம். விமானத்துக்கு நேரமாகி விட்டது என்று ஓடலாம். கெட்ட எண்ணம் உள்ளவராக இருந்தால், வேண்டுமென்றே விட்டு வைப்பார். அவருடைய ஞாபகத்தையும் நல்ல குணத்தையும் நம்பி, அடுத்த குடும்பத்தை அனுப்பி வைப்பது நியாயமா?

கார் கம்பெனியுடையது. வாடகை வாங்குவது கம்பெனி. ஆகையால் பொறுப்பும் கம்பெனியுடையதுதான்.

"அதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கலாம். கார் திரும்பி வந்ததும் என்ன செய்கிறார்கள்? கீறல் விழுந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கிறார்கள். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மீதி என்று பார்க்கிறார்கள். எத்தனை மைல் ஓடியது என்று குறித்துக் கொள்கிறார்கள். தங்களுக்கு நஷ்டம் வரக் கூடியதை எல்லாம் பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது. அடுத்தவர் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரக் கூடியதைப் பார்ப்பதற்கு மட்டும் நேரம் இல்லையா?

"புது அட்டை சேர்க்கவே கூடாது என்று தடுத்து விடலாமே" என்பார் இன்னொருவர். அது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. வசதி இருக்கட்டும். வாடகை முடிகிற அன்றே அந்தச் சாவியின் உரிமையும் முடியட்டும். அதுதான் சரியான வழி.

நீங்கள் செய்ய வேண்டியது

கம்பெனிகள் திருந்தும் வரை நாம் சும்மா இருக்க முடியுமா? அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ, மகள் வீட்டுக்கோ போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே பிள்ளைகள் இப்படிப்பட்ட காரை வாடகைக்கு எடுத்தால், இவற்றைச் சொல்லி வையுங்கள்.

காரை எடுக்கும்போதே திரையில் உள்ள சாவிப் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும். எது கம்பெனியின் சாவி, எது பழைய ஆளின் சாவி என்று கேட்க வேண்டும். பழையவற்றைக் கம்பெனி ஆளைக் கொண்டே அழிக்கச் செய்ய வேண்டும். நாமே கண்டபடி அழித்தால் கம்பெனியின் சாவியும் போய் விடும்!

வாடகைப் பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவதற்கு அட்டை சேர்த்துக் கொடுக்கக் கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கை விட்டு விடலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது நம் அட்டை, நம் செல்போன், நாம் வைத்த ரகசிய எண், நாம் போய் வந்த விலாசங்கள் எல்லாவற்றையும் அழித்து விட வேண்டும். நமக்கு முன்னால் இருந்தவர் எப்படி நடந்து கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ, அப்படியே நாமும் நடக்க வேண்டும்.

இவ்வளவும் நம் பங்கு. கம்பெனியின் பங்கு இதைவிடப் பெரியது.

காரைக் கொடுக்கும்போது "இந்தாருங்கள், அட்டை" என்று நீட்டினால் மட்டும் போதாது. "இந்தக் காரைத் திறக்கக் கூடியவை இவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. நீங்களே பாருங்கள்" என்று திரையைக் காட்ட வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகுதான், பின் ஆசனத்தில் குழந்தையோடு உட்காரும் தாய் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள்.