மாளிகையின் அழகு

விடுதிச் சாம்பார் நீர்த்துவிட்டதென்று முணுமுணுக்கும் நாம், ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரத்தை ஒருமுறை சென்று காண வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயரால் எழுப்பிய மாளிகை அது. தஞ்சைச் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குக் கல்வியும் சேர்ந்தே கிடைத்தன. 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு மன்னர் எழுதிய கடிதம் அதை விவரிக்கிறது: அனாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் தேய்த்தல், நோயுற்றால் மருந்து, விரும்பிய கல்வி.

கல்தூண்களைக் கண்டு நாம் வியக்கிறோம். தாயில்லாப் பிள்ளையின் தலையில் தேய்த்த அந்த எண்ணெயன்றோ மாளிகையின் உண்மை அழகு! ஜூன் மாதம் அழுதுகொண்டே வரும் புதுச் சிறுமிக்கு நம் பந்தியில் இடம்விட்டு, சனிக்கிழமை அவள் தலையைப் பின்னிவிட்டால், நம் விடுதியும் அரண்மனையே.