துப்பாக்கிக்கு 2,500, நகைக்கு 1,500

டெக்சசில் இருக்கும் என் அக்கா மகனுக்குத் துப்பாக்கி சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு. வேட்டைத் துப்பாக்கி, குறி சுடுவது, ஏலத்தில் எடுத்த பழைய ரைஃபிள் என்று ஓர் இரும்பு அலமாரி நிறைய வைத்திருக்கிறான். "சித்தி, வீட்டுச் சாமானுக்கு ஒன்றரை லட்சம் டாலர் காப்புறுதி இருக்கே, போதாதா?" என்று கேட்டு, பாலிசியையும் அனுப்பினான். இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடும்பத்தில் இந்த மாதிரிக் கேள்விகளெல்லாம் என்னிடம்தான் வரும்.

சிங்கப்பூரில் இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை, 6 பிரம்படி. ஆனாலும் அவன் பாலிசியைப் படிக்கப் படிக்க மார்சிலிங்கில் எங்கள் புளோக் வீடுகள்தான் கண்முன் வந்தன.

அமெரிக்காவில் பல்லாண்டாகப் புழங்கும் வீட்டுக் காப்புறுதிப் படிவம் ஒன்றில் ஒரு பட்டியல் உண்டு. திருடு போனால் துப்பாக்கிகளுக்கு 2,500 டாலர். நகை, கைக்கடிகாரம், ரத்தினக் கற்களுக்கு 1,500 டாலர். ஒவ்வொன்றுக்கும் அல்ல, எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். முகப்பில் ஒன்றரை லட்சம் என்றிருக்கும், உள்ளே போனால் அலமாரிக்கு 2,500.

அதனால்தான் அங்கே துப்பாக்கி சேர்ப்பவர்கள் தனியாகக் காப்புறுதி எடுக்கிறார்கள். விலை உயர்ந்தவற்றை எண், படம், மதிப்பீட்டுச் சான்றோடு ஒவ்வொன்றாகப் பதிவது ஒரு வழி. மற்றவற்றை ஒரே தொகைக்குள் அடக்குவது இன்னொரு வழி. பழைய ரைஃபிளுக்கு மட்டும் தொகையை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள் என்றேன். அந்த வயதான இரும்புக்குத் தேய்மானம் கழித்தால் என்ன மிஞ்சும்?

நம் வீட்டுக்கு வருவோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) கடன் உள்ளவர்கள் கட்டாயமாக எடுக்கும் தீக் காப்புறுதிக்கு ஐந்தாண்டுச் சந்தா சில வெள்ளிதான். அது கழகம் கட்டிக்கொடுத்த சுவருக்கும் தரைக்கும் கதவுக்கும். நாம் வாங்கிப் போட்ட சோபாவும் பீரோவில் இருக்கும் அட்டிகையும் அதில் சேராது. "அதான் ஃபயர் இன்ஷூரன்ஸ் இருக்கே" என்று மின்தூக்கியில் யாராவது சொன்னால் என் வாய் சும்மா இருப்பதில்லை.

வீட்டுப் பொருள் காப்புறுதி தனியாக எடுத்தவர்களும் நிம்மதியாகத் தூங்க முடியாது. பல பாலிசிகளில் நகைக்கென்று மொத்தத் தொகையில் ஒரு பங்குதான். ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று அதற்குள் இன்னொரு வரம்பும் இருக்கும். 50,000 வெள்ளிக்கு எடுத்திருக்கிறேன் என்பவர், மகள் கல்யாணத்துக்குத் தேக்காவில் வாங்கிய ஆரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்திருக்க மாட்டார். ரசீதோ அன்றைய தங்க விலையைத்தான் சொல்லும், அதுவும் எழுத்து அழியாமல் இருந்தால். ஓர் அம்மா கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் விரித்தார். ஆரம் பளிச்சென்று தெரிந்தது. எடை தெரியவில்லையே!

பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்திருக்க வேண்டும் என்பது பல பாலிசிகளில் உள்ள நிபந்தனை. வெக்கைக்கு மரக்கதவைத் திறந்துவிட்டு, கிரில்லைப் பூட்டாமல் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பது எங்கள் தாழ்வாரத்து வழக்கம். டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் கழித்துத் திரும்புவதும் வழக்கம்தான். வீட்டில் ஆளில்லாத நாள்களுக்கும் பாலிசியில் ஒரு வரம்பு இருக்கும். தைப்பூசத்துக்குக் கழுத்தில் போட்டுப் போன சங்கிலியோ, வெளியே போட்டுச் செல்வதற்கும் சேர்த்து எடுக்காவிட்டால், கணக்கிலேயே வராது.

நகையை எடைபோட்டு, படம் எடுத்து, மதிப்பீட்டுச் சான்று வாங்கி வைப்பது நம் வேலை. அதை நாம் செய்யலாம். ஆனால் நகைக்கான வரம்பைப் பதினெட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் தேடச் சொல்வது என்ன நியாயம்? காப்புறுதி நிறுவனங்கள் அதை விளம்பரத் தாளின் முதல் பக்கத்தில், மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே பருமனில் அச்சிட வேண்டும். இடமில்லை என்று சொன்னால், சோபாவில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அந்தக் குடும்பத்தின் படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.