மூட்டை சுமப்பவன் மகன் படையதிகாரி ஆகலாம்!

நீடாமங்கலம் ரயிலடியிலே நெல் மூட்டைகள் சரக்கு வண்டியில் ஏறுகின்றன. மூட்டையைச் சுமக்கும் தோழரைக் கேட்டுப் பாருங்கள், "மகன் என்ன செய்கிறான்?" என்று. "பன்னிரண்டாவது முடித்துவிட்டான். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பார்களாம், ஓடிப் பழகுகிறான். இல்லையென்றால் இருக்கிற காணியை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் சேர்க்க வேண்டியதுதான்" என்பார்.

இரண்டே வழிதானா, தோழர்களே? மூன்றாவது வழி ஒன்று உண்டு. காணியும் போகாது, மகனும் சிப்பாயோடு நின்றுவிட மாட்டான்.

பட்டாளத்துக்கு வாசல் இரண்டு. ஒன்று, ஓடிக் காட்டி நுழையும் வாசல். 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி அங்கே பணி நான்கே ஆண்டு. அதன்பின் நிலைப்போர் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இல்லை என்று வகுத்தார்கள். மற்றொன்று, அதிகாரியாக நுழையும் வாசல். அது பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்று யார் சொன்னது?

மன்னார்குடியிலும் திருவாரூரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சையிலே சரபோஜி கல்லூரி. குடந்தையிலே 1854இல் தோன்றிய கல்லூரி. இவற்றில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, சில்லறைக் கட்டணங்கள்தான். ரயிலிலோ பேருந்திலோ போய்ப் படித்துவிட்டு, இரவு வீட்டுச் சோறு உண்ணலாம். கட்டடத்தின் உயரத்தைக் கண்டு மயங்காதீர்கள். சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே என்.சி.சி. உண்டா?"

ஏன் அந்தக் கேள்வி? என்.சி.சி.யிலே 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' தரத்தில் பெற்று, பட்டப் படிப்பில் நூற்றுக்கு 50 மதிப்பெண்ணும் எடுத்தவர்க்குத் தனி நுழைவு இருக்கிறது. எழுத்துத் தேர்வு இல்லை. மதிப்பெண் பார்த்து நேரே தேர்வு வாரியத்துக்கு அழைக்கிறார்கள். ஐந்து நாள் சோதனை. வென்றால் பயிற்சி எங்கே? நம் சென்னைப் பரங்கிமலையிலே! 1963இல் தோன்றிய அந்தப் பயிற்சிக் கழகத்திலே 49 வாரம். அத்தனை நாளும் மாதம் ரூ.56,100 உதவித்தொகை. மூட்டை சுமந்த தோள், மகன் படிப்புக்காகக் கடன் சுமக்க வேண்டியதில்லை. மகளுக்கும் இந்த வாசல் உண்டு. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வு வழியும் இருக்கிறது. அங்கேதான் அநீதி. பொது அறிவு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது, தமிழில் வருவதில்லை. இந்தி பேசும் பிள்ளைக்குத் தாய்மொழி துணை. எல்லையிலே அவனோடு சேர்ந்து குருதி சிந்தும் தமிழ்ப் பிள்ளைக்கு இல்லையா? இதைக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அது கிடைக்கும்வரை நம் பிள்ளை காத்திருந்தால் வயது 25ஐக் கடந்துவிடும். ஆகவே ஆங்கிலத்தைக் கருவியாக்கிக் கொள்ளட்டும். நம் படிப்பகத்திலே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கில ஏடு படித்து, படித்ததை நாலு பேர் முன் எடுத்துப் பேசட்டும். மேடைப் பேச்சிலே வளர்ந்த நமக்கு அது பெரிய காரியமா?

இன்னொன்றும் நினைவூட்டுவோம். 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில், காங்கிரஸ் மாநாட்டுச் சமபந்தியிலே உட்கார்ந்து உண்டதற்காக ஆதிதிராவிடத் தோழர்கள் அடிக்கப்பட்டார்கள், மொட்டையடிக்கப்பட்டார்கள். பந்தியிலே இடம் மறுத்த ஊர் இது. அந்த ஊர்ச் சேரிப் பிள்ளை அதிகாரிகளின் உணவுக்கூடத்திலே நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரும் நாள் வர வேண்டாமா?

கிளைக் கழகத் தோழர்களே, பன்னிரண்டாவது முடிவு வந்த மறுநாளே தெருவுக்குப் போங்கள். அடகுக் கடைக்குப் புறப்பட்ட தகப்பனை நிறுத்துங்கள். அரசு கல்லூரிக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்றாண்டு கழித்து நீடாமங்கலம் ரயிலடியிலே, மூட்டை ஏற்றிய தகப்பன் மகனைப் பரங்கிமலைக்கு வண்டி ஏற்றட்டும்!